கிரிகோரி கோல்மன்: ஏழு நொடி உழைப்பும் எழுதப்படாத உரிமையும்

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கிரிகோரி கோல்மன் என்னும் கறுப்பின டிரம்ஸ் கலைஞர், வீடற்றவராக வறுமையில் இறந்தார். 1969இல் அவர் வாசித்த ஏறத்தாழ ஏழு நொடித் தாளப்பகுதி, அதற்குள் எண்ணற்ற பாடல்களில் எடுத்தாளப்பட்டிருந்தது. ‘ஆமென் பிரேக்’ என்று இசையுலகம் அழைக்கும் அத்தாளத்துக்காக அவருக்கு ஒரு டாலர்கூட உரிமத்தொகை கிடைக்கவில்லை. அவரது வாழ்வை அவலக்கதையாக மட்டுமே வாசித்தால், அந்த அவலத்துக்கு இடமளித்த சட்ட ஏற்பாடு நம் பார்வையிலிருந்து தப்பிவிடும்.

கோல்மன், வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்த குழு அது. நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்ட பின்னரும், தென் மாநிலங்களில் இத்தகைய கலப்புக் குழுவுக்கு நிகழ்ச்சிகள் கிடைப்பது அரிதாக இருந்தது. 1969இல் ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்னும் அவர்களது பாடல் பெருவெற்றி பெற்றது; அதை இயற்றிய குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. எனினும் 1970இல் குழு கலைந்தது.

அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக, ‘ஆமென்’ என்ற தேவாலயப் பாடலைத் தழுவி, ‘ஆமென், பிரதர்’ என்னும் வாத்திய இசை விரைந்து உருவாக்கப்பட்டது. நீளம் போதாததால் நடுவில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் நான்கு தாளச்சுற்றுகள் சேர்க்கப்பட்டன. முதலிரண்டு சுற்றுகளில் தாளம் நேராகச் செல்கிறது. மூன்றாவதில் ஓர் அடி தாமதித்து விழுகிறது. நான்காவது சுற்றின் தொடக்க அடி வெறுமையாக விடப்படுகிறது. அந்த இடைவெளியைச் சேர்க்கும் எண்ணம் யாருடையதாயினும், அடித்த கைகள் கோல்மனுடையவை.

1986இல் வெளிவந்த ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ என்னும் தொகுப்பு, மறக்கப்பட்ட இத்தாளத்தை ஹிப்-ஹாப் கலைஞர்களிடம் சேர்த்தது. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ பாடலில் அது ஒலித்தது. 1990களில் பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் ஆகிய இசை வகைகளுக்கு அதுவே அடித்தளமாயிற்று. பழைய இசைத்தட்டுகளிலிருந்து தாளத்தை எடுத்துப் புதிய இசை படைக்கும் முறையை வளர்த்தவர்கள், பெரும்பாலும் வறிய கறுப்பின, லத்தீன் இளைஞர்களே. அவர்களைத் திருடர்கள் என்று பழிப்பது எளிது. ஆனால் அவ்விசை பெருவணிகமான பிறகும், இலாபத்தில் ஒரு பங்கு மூலக் கலைஞனைச் சென்றடைய வழி ஏற்படுத்தப்படவில்லை என்பதே கேள்வி.

சட்டம் என்ன செய்தது? 1972 பிப்ரவரி 15ஆம் நாளுக்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவில்லை; மாநிலச் சட்டங்களையே நம்ப வேண்டியிருந்தது. 2018இல்தான் இக்குறை ஓரளவு சரிசெய்யப்பட்டது. இசையாக்கத்தின் உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. ஆனால் மூல ஒலிநாடாவைத் தேடி 1996இல் ஒருவர் தொடர்புகொண்ட போதுதான், நடந்தவற்றை அவரே அறிந்தார். பதிப்புரிமை வழக்குக்கான காலவரம்போ மூன்று ஆண்டுகள். பழைய பயன்பாடுகளுக்கு அது முடிந்துபோயிருந்தது. கோல்மனின் நிலை இதனினும் கீழானது. இசையமைத்தவருக்கும் ஒலிநாடாவின் உடைமையாளருக்கும் ஏட்டில் இடமுண்டு. தாளம் வாசித்த கோல்மனுக்கு அதில் இடம் இருக்கவில்லை. காலவரம்பு கடக்காமல் இருந்திருந்தாலும், அவர் எந்த உரிமையின் பேரில் நீதிமன்றப் படியேறியிருப்பார்?

2015இல் பிரிட்டன் இசை ஆர்வலர்கள் நன்கொடை திரட்டி, ஸ்பென்சருக்கு ஏறத்தாழ 24,000 பவுண்டு வழங்கினர். போற்றத்தக்க செயல்தான். ஆயினும் அது நன்கொடை, உரிமையன்று. கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. தன் தாளம் உலகெங்கும் பரவியதை அவர் அறிந்திருக்கமாட்டார் என்றே ஸ்பென்சர் கருதினார். நன்கொடை, கொடுப்பவர் மனமிரங்கும் நாளுக்குக் காத்திருக்கிறது. உரிமை, உழைத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பெறக்கூடியது. உழைத்த கையின் பெயரைச் சட்டம் தன் ஏட்டில் எழுதாதவரை, கோல்மன்களுக்குக் கிடைப்பது புகழஞ்சலி மட்டுமே.