கை நழுவிய வெற்றி
ரசாயன மேதை லீ சாட்லியரின் வாழ்க்கை

பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ரசாயனக் கணக்கு ஒன்றாவது விவாதத்துக்கு வராமல் போகாது. அப்படி அடிக்கடி வரும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு மூடிய பாத்திரத்தில் நைட்ரஜனும், ஹைட்ரஜனும், அவை இரண்டும் சேர்ந்து உண்டான அம்மோனியாவும் சமநிலையில் இருக்கின்றன. பாத்திரத்தின் கொள்ளளவை மாற்றாமல் அதற்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவைச் செலுத்தினால் அம்மோனியா கூடுமா, குறையுமா?

உள்ளே அழுத்தம் அதிகமாகிறது, ஆகவே அம்மோனியாவும் கூடும் என்று ஒருவன் அடித்துப் பேசுவான். ஆர்கான் எதனோடும் சேராத வாயு, மற்ற மூன்று வாயுக்களின் அழுத்தமும் இருந்தபடியே இருக்கிறது, ஆகவே எந்த மாறுதலும் இராது என்று இன்னொருவன் மறுப்பான். இரண்டாமவன் சொல்வதே சரி. மொத்த அழுத்தம் மாறாதபடி பாத்திரத்தை விரிய விட்டால்தான் கதை வேறு. அப்போது அம்மோனியா குறைந்துவிடும்.

விவாதம் எவ்வளவு காரசாரமாக நடந்தாலும் அதில் ஒரு பெயர் அடிபடாமல் இராது. அதுதான் லீ சாட்லியர் என்ற பெயர். அவருடைய தத்துவத்தை மனப்பாடம் செய்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களோ மிகச் சிலர். அவரும் ஒரு காலத்தில் போட்டிப் பரீட்சைக்குக் கண் விழித்துப் படித்த மாணவர்தாம். விந்தை என்னவென்றால், பாத்திரத்துக்குள் இருக்கக் கூடாத ஒரு வாயு இருந்துவிட்டதுதான் அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைத் தட்டிப் பறித்துக்கொண்டு போயிற்று!

என்ஜினீயர் வீட்டுப் பிள்ளை

ஹென்றி லூயி லீ சாட்லியர் 1850-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை லூயி லீ சாட்லியர் பெயர் பெற்ற சுரங்க என்ஜினீயர். பிரான்ஸ் நாட்டில் ரயில் பாதைகள் பரவியதிலும், அலுமினியத் தொழில் வேரூன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் காலத்துப் பெரிய ரசாயன அறிஞர்களில் பலர் அவருக்குப் பழக்கமானவர்கள். ஆகவே உலையும், உலோகமும், சோதனைச் சாலையும் சிறுவன் ஹென்றிக்குப் புதியவை அல்ல.

தாயார் கண்டிப்பில் தந்தைக்கும் ஒரு படி மேல். குறித்த நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். பாடத்தை முடித்திருக்க வேண்டும். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். ஆறு குழந்தைகளில் மூத்தவரான ஹென்றிக்கு இந்தக் கட்டுப்பாடு ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒழுங்குக்கும் சட்டத்துக்கும் தாம் ஆயுள் முழுவதும் காட்டிய மரியாதை வீட்டிலேயே கற்றது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

போட்டிப் பரீட்சை

அந்த நாளில் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் என்று ஒரு கல்விச்சாலை இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் சூடு ஆறாத காலத்தில், 1794-இல் ஏற்பட்டது. அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. குலப் பெருமையோ செல்வாக்கோ அங்கே செல்லாது. போட்டிப் பரீட்சையில் தேறினால்தான் உள்ளே நுழையலாம். தேறுவதற்காகவே மாணவர்கள் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் தனி வகுப்பில் சேர்ந்து கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பயிற்சி பெறுவார்கள். இன்று நம் பிள்ளைகள் ஐ.ஐ.டி. தேர்வுக்குப் படும் பாட்டை அந்த நாட்டுப் பிள்ளைகள் அன்றே பட்டிருக்கிறார்கள்.

ஹென்றியும் அப்படிப் படித்தார், தேறினார். 1869-ஆம் ஆண்டு அக்டோபரில், தமது பத்தொன்பதாவது வயதில், அந்தக் கல்விச்சாலைக்குள் காலடி வைத்தார். ஆனால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. மறு ஆண்டே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. மாணவர்களையெல்லாம் இளம் அதிகாரிகளாக்கிப் படையில் சேர்த்தார்கள். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஹென்றியும் நகரத்தைக் காக்கப் போனார். யுத்தம் ஓய்ந்த பிறகு, 1871-இல், பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்து என்ஜினீயர் ஆனார்.

சுரங்கத்திலிருந்து வகுப்பறைக்கு

பெசான்சோன் என்ற ஊரில் இரண்டு ஆண்டுகள் சுரங்க என்ஜினீயராக வேலை பார்த்தார். அங்கே இருந்தபோது, 1876-இல், ஜெனவீவ் நிக்கோலாஸ் என்ற பெண்ணை மணந்தார். அம்மையாரின் சகோதரர்கள் நால்வரும் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களே. நான்கு பெண்களும் மூன்று பிள்ளைகளுமாகக் குடும்பம் பெருகியது.

1877-இல் சுரங்கக் கல்லூரி அவரை ரசாயன ஆசிரியராக அழைத்தது. என்ஜினீயர் உத்தியோகத்தில் உயர்வு காத்திருந்தும் அவர் சாக்குக் கட்டியைக் கையில் எடுத்தார். அன்று முதல் தொழிற்சாலைக் கேள்விக்கு ரசாயனத்தில் விடை தேடுவதே அவருடைய வேலையாயிற்று.

நிலக்கரிச் சுரங்கங்களில் வாயு தீப்பற்றி வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டுகொண்டிருந்தனர். மல்லார் என்ற அறிஞருடன் சேர்ந்து, அந்த வாயு எந்த உஷ்ணத்தில் பற்றுகிறது, தீ எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று அளந்து சொன்னார். கொதிக்கும் உலையின் உஷ்ணத்தை அளக்கப் பிளாட்டினக் கம்பியையும், பிளாட்டினமும் ரோடியமும் கலந்த கம்பியையும் முனையில் இணைத்து ஒரு கருவி செய்தார். அதே ஜோடிக் கம்பி இன்றும் ஆலைகளில் பயன்படுகிறது. பிராணவாயுவையும் அசிட்டிலின் வாயுவையும் சம அளவில் கலந்து எரித்தால் 3,000 டிகிரிக்கும் மேற்பட்ட சுவாலை கிடைக்கும் என்று 1895-இல் காட்டினார். காஸ் வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்டும் சுவாலை அதுவே. சிமெண்டு ஏன் தண்ணீரில் கெட்டிப்படுகிறது என்று ஆராய்ந்து 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். நுழைவுத் தேர்வில் தேறிக் கட்டடப் பொறியியல் படிக்கப் போகும் மாணவன், சிமெண்டைச் சோதிக்கும் அறையில் லீ சாட்லியர் அச்சு என்ற சிறு கருவியைக் கையில் எடுப்பான். தேர்வோடு விட்டது என்று நினைத்த பெயர் அங்கேயும் எதிரே வந்து நிற்கும்!

புகைபோக்கி சொன்ன உண்மை

அவருடைய புகழ் பெற்ற தத்துவத்துக்கு வருவோம். இரும்பு உருக்கும் ஊதுலையின் உச்சியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வீணாக வெளியேறிக் கொண்டிருந்தது. தாதுவோடு அது போதிய நேரம் சேர்ந்திருக்காததே காரணம் என்று எண்ணிய முதலாளிகள், பெரும் பணம் செலவழித்து உலைகளை மேலும் மேலும் உயரமாகக் கட்டினார்கள். பயன் இல்லை, வாயு முன் போலவே வெளியேறியது. அது நேரக் குறைவினால் வந்த குறை அன்று. முன்னோக்கிப் போகும் மாறுதலும் பின்னோக்கி வரும் மாறுதலும் ஈடாகி நிற்கும் சமநிலை அது. உலையை வானத்தை முட்டும்படி கட்டினாலும் அதை அசைக்க முடியாது.

அப்படியானால் சமநிலையை எதனால் அசைக்கலாம்? 1884-இல் லீ சாட்லியர் விடை சொன்னார். சமநிலையில் உள்ள ஒன்றின் உஷ்ணத்தையோ, அழுத்தத்தையோ, பொருள்களின் செறிவையோ மாற்றினால், அந்த மாறுதலின் வேகத்தைத் தணிக்கும் பக்கமாக அது நகரும். இவ்வளவுதான் தத்துவம். முதலில் நீண்ட வாக்கியத்தில் எழுதியதை 1888-இல் அவரே சுருக்கி எளிமையாக்கினார்.

அம்மோனியாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும், ஆக நாலு பங்கு வாயு, இரண்டு பங்கு அம்மோனியாவாகச் சுருங்குகிறது. ஆகவே அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா கூடும். சேரும்போது வெப்பம் வெளிப்படுவதால், உஷ்ணத்தைக் குறைத்தாலும் கூடும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சமநிலை எங்கே நிற்கும் என்றுதான் தத்துவம் சொல்லும். எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேரும் என்று சொல்லாது. குளிர்ந்த நிலையில் இரண்டு வாயுக்களும் சேராமலே கிடக்கும். ஆகவே உஷ்ணமும் வேண்டும், கிரியா ஊக்கியும் வேண்டும், கடும் அழுத்தமும் வேண்டும். 500 டிகிரியில் சாதாரண அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கிடைக்கும் அம்மோனியா, 200 மடங்கு அழுத்தத்தில் சுமார் 18 சதவீதம் கிடைக்கும்.

வெடித்த பாத்திரம்

தத்துவத்தை வகுத்தவருக்கு இந்த வழி தெரியாமல் இருக்குமா? 1901-இல் லீ சாட்லியர் சோதனையில் இறங்கினார். இரும்பைக் கிரியா ஊக்கியாக வைத்தார்; உஷ்ணம் 600 டிகிரி; அழுத்தம் 200 மடங்கு. இன்று நாம் திரும்பிப் பார்த்தால், அவர் வெற்றியின் வாசற்படியில் நின்றது தெரிகிறது.

ஆனால் கருவிக்குள் காற்று கலந்திருந்தது. காற்றிலுள்ள பிராணவாயு ஆர்கானைப் போலச் சாது அல்லவே! ஹைட்ரஜனோடு சேர்ந்து பயங்கரமாக வெடித்தது. உருக்குப் பாத்திரம் சிதறியது. உதவியாளர் ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார். ஒருவருடைய உயிர் போக இருந்ததே என்ற அதிர்ச்சியில் லீ சாட்லியர் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டார்.

1909-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி, கடும் அழுத்தத்தில் அம்மோனியா செய்து காட்டினார். 1913-இல் கார்ல் பாஷ் என்ற என்ஜினீயரின் திறமையால் ஒப்பாவ் நகரில் ஆலையே எழுந்தது. மறு ஆண்டு உலக யுத்தம் வந்தபோது, ஜெர்மனியின் வெடிமருந்துக்கு அந்த அம்மோனியாவே கைகொடுத்தது. யுத்தம் முடிந்தபின் பிரான்ஸ் அந்த முறையை ஜெர்மன் கம்பெனியிடமிருந்தே பெற வேண்டியதாயிற்று. வயலுக்கு உரமாகப் போகும் நைட்ரஜனும் அந்த வழியில்தான் பிறக்கிறது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உணவு தருவது அந்த உரமே என்று கணக்கிடுகிறார்கள்.

ஒப்புக்கொண்ட தவறு

தோல்வி அவருக்குப் புதிது அல்ல. தாம் படித்த எக்கோல் பாலிடெக்னிக்கிலேயே பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை முயன்றார், கிடைக்கவில்லை. விஞ்ஞானக் கழகத்தில் இடம் பெறவும் பல முறை முயன்று, 1907-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு சொர்போன் சர்வகலாசாலையில் பேராசிரியரும் ஆனார். அந்தத் தோல்விகள் பிறர் கையில் இருந்தவை. அம்மோனியாவோ தம் கைக்கு வந்து நழுவியது. அதைத் தமது விஞ்ஞான வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு என்று முதுமையில் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உதவியாளர் மீதோ கருவி மீதோ பழியைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி, எண்பத்தைந்தாவது வயதில், லீ சாட்லியர் காலமானார். மணமாகி அறுபது ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது.

இன்றிரவும் எத்தனையோ மாணவர்கள் அவருடைய பெயரைச் சொல்லிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு விடை தப்பும். தப்பிய விடையை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவது சுலபம். எங்கே தப்பியது, பாத்திரத்துக்குள் நாம் கவனியாமல் விட்டது எது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்பதுதான் கடினம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டு மறுபடியும் முயலாமல் விட்டதற்காக ஒரு மேதை ஆயுள் முழுவதும் வருந்தினார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அவருடைய தத்துவத்தோடு இதையும் சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது.