மரைக்கு அளவு தந்த மாமனிதர்

கார் என்ஜினின் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டால் ஹெட்டையே மாற்ற வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி, டேப் போட்டு, எஃகு இன்சர்ட் இறக்கினால் போதும். பல கார்களில் 14 மி.மீ. பிளக், 1.25 மி.மீ. பிட்ச். எந்தக் கடையில் வாங்கினாலும் சேரும். எப்படிச் சேருது? இதற்கு வழி போட்டவர் ஜோசப் விட்வொர்த்.

1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். உறவினரின் பஞ்சாலை வேலை பிடிக்காமல், ஏறக்குறைய நம் வயதில் மான்செஸ்டருக்கு ஓடிப்போய் மெக்கானிக் ஆனார். 1825-ல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் தொழில் பழகினார். 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார்.

அக்காலத்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒருத்தர் போல்ட் இன்னொருத்தர் நட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேர்த்து அளந்து, சராசரி எடுத்தார். மரைக் கோணம் 55 டிகிரி, ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என 1841-ல் முறை வகுத்தார். இன்றைய பிளக்கில் இருப்பது 60 டிகிரி மெட்ரிக் மரை. அளவுதான் மாறியிருக்கு, எல்லோருக்கும் ஒரே அளவு என்ற வழி அவர் காட்டியது.

1868-ல் இயந்திரத் தொழில் படிக்கும் இளைஞர்களுக்கு வருஷம் 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகள் ஏற்படுத்தினார். 1887-ல் மறைந்தார். எங்க வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு, மரையைவிட இதுவே பெரிசாகத் தெரியுது.

நண்பர்களே, டேப்பை நேராகப் பிடிப்போம். கோணலாக இறங்கினால் விட்வொர்த்தே வந்தாலும் பிளக் ஏறாது!