அடுப்பு ஏன் புகைகிறது? 79 வயதில் நடுக்கடலில் 9 காரணங்களை எழுதிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின்!

1785 ஆகஸ்ட் மாதம். லண்டன் பாக்கெட் என்ற கப்பல் அட்லாண்டிக் கடலில் ஃபிலடெல்ஃபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே 79 வயது முதியவர் ஒருவர். சிறுநீர்ப்பையில் கல். வண்டியில் ஏறினால் குலுக்கலே தாங்க முடியாது. அதனால் பாரிஸ் பக்கத்திலிருந்து துறைமுகம் வரை, அரச குடும்பம் கொடுத்து உதவிய பல்லக்கில் கோவேறு கழுதைகள் அவரைச் சுமந்து வந்தன.

அவர்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இன்றைய 100 டாலர் நோட்டில் இருக்கும் அதே முகம்.

பாதியில் நிற்கும் சுயசரிதையை இந்தப் பயணத்திலாவது முடித்துவிடுவார் என்று நண்பர்கள் ஆவலாகக் காத்திருந்தார்கள். அவரோ பேனாவை எடுத்து வேறு ஒன்றை எழுத ஆரம்பித்தார். வீட்டு அடுப்பு ஏன் புகைகிறது, அதை எப்படிச் சரி செய்வது? இதுதான் தலைப்பு.

ஒரு நாட்டின் விடுதலைக்காக உழைத்துவிட்டுத் திரும்பும் மனிதருக்கு அடுப்புப் புகை மேல் ஏன் இவ்வளவு அக்கறை? அதற்குப் பின்னால் 40 ஆண்டுக் கதை இருக்கிறது.

மெழுகுவர்த்திக் கடைப் பையன்

1706 ஜனவரி 17-ல் பாஸ்டனில் பிறந்தார் ஃபிராங்க்ளின். அப்பாவுக்கு மொத்தம் 17 பிள்ளைகள். இவர் 15-வது. மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்வது அப்பாவின் தொழில். 10 வயதில் பள்ளிக்கூடம் நின்றது. அப்பாவின் கடையில் திரி வெட்டும் வேலை. அந்த வாடை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 1723-ல், 17 வயதில், சொல்லாமல் கொள்ளாமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிவிட்டார். அங்கேயே அச்சகம், பத்திரிகை, பஞ்சாங்கம் என்று வளர்ந்தார். 1736-ல் நண்பர்களைச் சேர்த்துத் தீயணைப்புக் குழு ஒன்றையும் தொடங்கினார். மர வீடுகள் நிறைந்த ஊரில் அடுப்பும் சிம்னியும் எவ்வளவு ஆபத்து என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முன்னால் சூடு, முதுகில் குளிர்

அந்தக் காலத்து வீடுகளில் சுவருக்குள் பெரிய வாய் வைத்துக் கணப்பு அடுப்பு கட்டியிருப்பார்கள். குளிர்காலம் முழுக்க அதில் விறகு எரியும். ஆனா சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியாக வானத்துக்குப் போய்விடும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும்.

விறகுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு காலத்தில் வீட்டு வாசலிலேயே கிடைத்த விறகை, சில ஊர்களுக்கு ஏறக்குறைய 100 மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பதாக ஃபிராங்க்ளின் எழுதினார். ஏழை வீடுகளுக்கு இது பெரிய பாரம்.

1740-களின் தொடக்கத்தில் இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரும்புத் தகடுகளால் ஆன பெட்டி போன்ற அடுப்பு. நடுவில் உள்ளீடற்ற ஒரு இரும்பு அறை. தீயிலிருந்து கிளம்பும் புகை அந்த அறைக்கு மேலே ஏறி, அதன் பின்பக்கமாகக் கீழே இறங்கி, தரையை ஒட்டிப் போய், அப்புறம்தான் சிம்னிக்குள் ஏறும். போகிற வழியில் புகை தன் சூட்டை இரும்புக்குக் கொடுத்துவிடும். கொஞ்ச விறகில் அறை முழுக்கச் சூடு. அதுதான் கணக்கு.

1744-ல் இதைப் பற்றித் தனி நூலே போட்டார். பென்சில்வேனியா ஆளுநருக்கு அடுப்பு ரொம்பவே பிடித்துவிட்டது. அதை விற்கும் உரிமையை அவருக்கு மட்டுமே தரும் காப்புரிமை கொடுக்க முன்வந்தார். ஃபிராங்க்ளின் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தவர்கள் கண்டுபிடித்தவற்றை நாம் அனுபவிக்கிறோம், நம்முடையதை நாமும் இலவசமாகத் தருவதுதானே முறை என்பது அவர் எண்ணம். லண்டன் இரும்பு வியாபாரி ஒருவர் அதில் சின்ன மாற்றம் செய்து, தன் பெயரில் காப்புரிமை வாங்கிக் காசு பார்த்தார். ஃபிராங்க்ளின் வழக்கு எதுவும் போடவில்லை.

எங்கே சறுக்கியது?

படிக்க நன்றாக இருந்த திட்டம் எல்லா வீட்டிலும் நடக்கவில்லை. காரணம், புகையைக் கீழே இறங்கச் சொன்னதுதான். சிம்னி நன்றாகச் சூடேறி இழுத்தால் மட்டுமே புகை இறங்கி ஏறும். தீ குறைந்தாலோ சிம்னி குளிர்ந்தாலோ, புகை வந்த வழியே அறைக்குள் திரும்பும். பிறகு வந்தவர்கள் அந்தக் கீழ்வழியை எடுத்துவிட்டு, நேராகச் சிம்னிக்குப் புகை போகும்படி அடுப்பைச் செய்தார்கள். அதற்கும் ஃபிராங்க்ளின் அடுப்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அவரோ புகையை விடவில்லை. 1752-ல் பட்டம் விட்டு மின்னல் ஆராய்ச்சி செய்து உலகப் புகழ் பெற்றார். 1757-ல் லண்டன் போனார். அங்கே கிரேவன் தெருவில் தங்கியிருந்த வீட்டில், சிம்னியின் கழுத்தில் தள்ளித் திறக்கும் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தினார். சூடு வீணாகாமல் தேவைக்கு ஏற்பத் திறக்கலாம், மூடலாம். புகைத் தொல்லை இருந்த நண்பர்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள். அவரும் போய்ப் பார்ப்பார்.

1776 டிசம்பரில் பிரான்ஸுக்குப் போனார். 1778-ல் பிரான்ஸோடு கூட்டணி ஒப்பந்தம். 1783-ல் பிரிட்டனோடு பாரிஸ் சமாதான ஒப்பந்தம். இரண்டிலும் அவர் கையெழுத்து உண்டு. அந்தப் போரில் மகன் வில்லியம் பிரிட்டன் பக்கம் நின்றார். 1785 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அப்பாவும் மகனும் சந்தித்தார்கள். மனக்கசப்பு தீரவில்லை. அதுவே கடைசிச் சந்திப்பு. அங்கிருந்துதான் கப்பல் கிளம்பியது.

புகை தானாக மேலே போகாது!

கப்பலில் எழுதியது ஒரு நண்பருக்கான நீண்ட கடிதம். நண்பர் யான் இங்கன்ஹவுஸ். செடிகள் ஆக்சிஜன் வெளியிட வெயில் வேண்டும் என்று காட்டியவர், வியன்னாவில் அரசவை மருத்துவர்.

கடிதத்தில் முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடைக்கிறார் ஃபிராங்க்ளின். புகை இயல்பிலேயே மேலே போகும் பொருள் அல்ல. அது காற்றைவிடக் கனமானது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. இதைக் காட்ட எளிய சோதனையும் சொல்கிறார். பாதி தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் புகையிலைக் குழாயின் காம்பை விட்டு ஊதினால், புகை குமிழியாகத் தண்ணீருக்குள் வந்து குளிர்ந்துவிடும். அப்புறம் அது குடுவையின் கழுத்து வழியாக மேலே ஏறாது. தண்ணீர் மேலேயே படுத்துக்கொள்ளும்.

ஆக, சிம்னி வழியாக எவ்வளவு காற்று வெளியே போகிறதோ, அவ்வளவு காற்று அறைக்குள் வர வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி சிக்கல் தீர்ந்தது.

அந்த 9 காரணங்கள் என்ன?

1. அறைக்குள் காற்று வரவே வழியில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திய புது வீடுகளில் இது அதிகம்.

2. அடுப்பின் வாய் ரொம்பப் பெரியது. குளிர்ந்த காற்றும் சேர்ந்து சிம்னிக்குள் போவதால் இழுவை குறைகிறது. பலகை வைத்துத் தற்காலிகமாக வாயைக் குறுக்கிப் பார்த்து, புகை நிற்கும் அளவில் கட்டிவிடலாம்.

3. சிம்னி குட்டையாக இருக்கிறது. உயர்த்த வேண்டும், முடியாவிட்டால் அடுப்பு வாயைச் சிறிதாக்க வேண்டும்.

4. ஒரே வீட்டில் இரண்டு சிம்னிகள் போட்டி போடுகின்றன. பலமானது மற்றதன் வழியாகக் காற்றை இழுக்க, புகை உள்ளே வருகிறது. ஒவ்வொரு அறைக்கும் தனியாக வெளிக்காற்று வேண்டும்.

5. பக்கத்தில் உயரமான கட்டடமோ குன்றோ இருக்கிறது. அதைத் தாண்டி வரும் காற்று, அணையைத் தாண்டும் தண்ணீர் மாதிரி சிம்னி வாயில் விழுகிறது. காற்றுக்கு ஏற்பத் திரும்பும் தகர மூடி உதவும்.

6. உயரமான கட்டடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. காற்று அதில் மோதித் தேங்கி, சிம்னிக்குள் அழுத்துகிறது. சிம்னியை அந்த உயரத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

7. கதவு தவறான இடத்தில் இருக்கிறது. திறந்தால் வரும் காற்று அடுப்பின் குறுக்கே பாய்ந்து புகையை வெளியே இழுக்கிறது. ஒரு தடுப்பு வைக்கலாம், அல்லது கீலை மறுபக்கம் மாற்றலாம்.

8. தீ மூட்டாத அறையிலும் புகை. அடுத்த சிம்னியிலிருந்து வரும் புகை, குளிர்ந்து கிடக்கும் சிம்னி வழியாகக் கீழே இறங்குகிறது. தகடு போட்டு மூடினால் போதும்.

9. மற்ற நாட்களில் நன்றாக இழுக்கும் சிம்னி, பலத்த காற்றடிக்கும்போது மட்டும் புகைகிறது. காற்று சிம்னியின் உச்சியைக் கடந்து வீசும்போது, மேலே ஏறிவரும் புகையைத் தடுத்துவிடுகிறது.

கதவு சோதனை

முதல் காரணத்துக்கு அவர் சொன்ன சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். தீயை மூட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். புகை நின்றால், காற்றுக் குறைவுதான் காரணம். பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். புகை மறுபடி வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, லேசாகத் திறந்து, புகை நிற்கும்போது எவ்வளவு இடுக்கு இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

கதவு 8 அடி உயரம், இடுக்கு அரை அங்குலம் என்றால், மொத்தம் 48 சதுர அங்குலம். அதாவது 6 அங்குலத்துக்கு 8 அங்குலத்தில் ஒரு காற்றுவழி இருந்தால் போதும். அதையும் கூரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். மேலே இருக்கும் சூடான காற்றோடு கலந்து இறங்குவதால் குளிர் உறைக்காது.

ஃபிராங்க்ளினையே தோற்கடித்த சிம்னி

இவ்வளவும் எழுதியவர், தான் தோற்ற கதையையும் அதே கடிதத்தில் மறைக்காமல் சேர்த்தார். லண்டன் பக்கத்தில் ஒரு நண்பரின் கிராமத்து வீடு. அங்கே இருந்ததிலேயே நல்ல அறையில் தீ மூட்டவே முடியாது, புகை மொத்தமும் உள்ளேதான் வரும். சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஃபிராங்க்ளின் நம்பிக்கையோடு இறங்கினார்.

கதவைத் திறந்து பார்த்தார். காற்றுக் குறைவு இல்லை. அடுப்பு வாயைக் குறுக்கிப் பார்த்தார். பலன் இல்லை. வெளியே போய்ச் சிம்னியை அண்ணாந்து பார்த்தார். அதைவிடக் குட்டையான பக்கத்துச் சிம்னிகள் ஜோராக இழுத்துக்கொண்டிருந்தன. கடைசியில், தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு விடை கண்டுபிடித்தது, இந்த விஷயத்தில் எந்த நிபுணத்துவமும் இல்லாத அந்த நண்பர்தான். ஏணி போட்டு ஏறி உச்சியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். குச்சியும் வைக்கோலும் களிமண்ணும் இறகும் அடைத்துக் கிடந்தன. கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த வீட்டில், பெரிய பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. கூட்டை எடுத்ததும் சிம்னி சரியாகிவிட்டது.

1785 செப்டம்பர் 14-ல் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியா வந்து சேர்ந்தார். கடிதம் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் படிக்கப்பட்டு, 1786-ல் அதன் தொகுதியில் அச்சானது. அதற்கும் அவர் காசு கேட்கவில்லை. 1790 ஏப்ரல் 17-ல், 84 வயதில் காலமானார். சுயசரிதை கடைசிவரை முடியவே இல்லை.

இன்றைக்கும் பயன்படுமா?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கணப்பு அடுப்பு உள்ள வீடுகளிலும் சிம்னி வைத்த விறகு அடுப்புகளிலும் இதே விதிகள்தான். கூடவே ஈர விறகையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரியாகக் காயாத விறகு தீயைக் குளிர வைத்துப் புகையைக் கூட்டும். புகை வராவிட்டாலும் அறையை முழுக்க மூடிவிட்டுத் தீ மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, உயிரை எடுத்துவிடும்.

அடுப்பு புகைந்தால் உடனே இடித்துக் கட்ட வேண்டாம். முதலில் கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், தீ அணைந்து சிம்னி ஆறிய பிறகு, தெரிந்த ஆள் ஒருவரை மேலே ஏறி உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.