அல்தியா கிப்சன் அம்மையார்

1957ஆம் ஆண்டு என்றவுடன் நம் நாட்டவர் நினைவில் எழுவது ஆகஸ்டு 31ஆம் நாளாகும். மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில், ஜூலை 6ஆம் நாள், இங்கிலாந்தின் விம்பிள்டன் திடலில், பெண்கள் ஒற்றையர் டென்னிஸ் வெற்றித் தட்டை இரண்டாம் எலிசபெத் அரசியாரின் கையிலிருந்து பெற்றுக்கொண்டார் கறுப்பினப் பெண்மணி ஒருவர். அதற்குமுன் அத்திடலில் ஒற்றையர் பட்டம் வென்ற கறுப்பினத்தவர் எவருமிலர். அவரே அல்தியா கிப்சன் அம்மையார். லயத்து வாசலில் இரு கம்புகளுக்கிடையே கயிற்றைக் கட்டிப் பூப்பந்து ஆடி வளர்ந்த பெற்றோர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இவ்வம்மையாரின் வரலாறு பெரிதும் உவப்பாக இருக்கும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சில்வர் என்னும் சிற்றூரில், 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அல்தியா பிறந்தார். தந்தையார் டேனியல், தாயார் ஆனி. இருவரும் பருத்திக் காட்டில் வாரக்குடிகளாக உழைத்தனர். நிலம் பிறருடையது, உழைப்பு மட்டுமே இவர்களுடையது. விளைச்சலில் நில உடைமையாளருக்குரிய பங்கு போக எஞ்சியதே குடியானவனுக்கு. விளைச்சல் பொய்த்தால் அதுவும் இல்லை. சம்பள நாளன்று கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய நம் பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பருத்தி கைகொடாமற் போகவே, 1930ஆம் ஆண்டளவில் அக்குடும்பம் நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அங்கு இவர்கள் குடியிருந்த தெருவில் பகல் வேளைகளில் வண்டிகளைத் தடுத்து நிறுத்திச் சிறுவர்கள் விளையாட இடம் விட்டிருந்தனர். மரப் பலகை மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம் அங்கு நடந்தது. பன்னிரண்டு வயதிலேயே அல்தியா அவ்வாட்டத்தில் நியூயார்க் நகரப் பெண்கள் வாகையரானார். பள்ளிக்கூடத்தில் மட்டும் அவர் கால் பொருந்தவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருவிலும் திரைப்படக் கொட்டகையிலும் பொழுதைக் கழிப்பார். தந்தையாரிடம் அடியும் வாங்குவார். மாணவச் செல்வங்கள் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வார்களாக!

பட்டி வாக்கர் என்னும் இசைக்கலைஞர் இச்சிறுமியின் கைத்திறனைக் கண்டு டென்னிஸ் மட்டை வாங்கித் தந்தார். 1940இல் தெருவார் ஒன்றுகூடித் தம்மால் இயன்ற காசைச் சேர்த்து, கறுப்பினத்தவர் நடத்திய டென்னிஸ் கழகமொன்றில் அவரைச் சேர்த்துவிட்டனர். அங்குப் பயிற்சி அளித்த பிரெட் ஜான்சன் ஒரு கையை இழந்தவர். மற்றொரு கையால் அவர் கற்பித்த ஆட்டமே அல்தியாவின் அடித்தளமாயிற்று. பின்னர் ஈட்டன், ஜான்சன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் அவரைத் தத்தம் இல்லங்களில் தங்கவைத்துப் பயிற்சியும் கல்வியும் கிடைக்கச் செய்தனர். விட்ட படிப்பைப் பத்தொன்பது வயதில் மீண்டும் தொடங்கி, 1953இல் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார்.

கறுப்பினத்தவருக்கெனத் தனியே நடந்த போட்டிகளில் 1947 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியவர் அவர். ஆயினும், அந்நாட்டின் தலையாய போட்டிக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அப்போட்டி நிறத்தால் தடுக்கிறது என்று விதிநூலில் எழுதப்பட்டிருக்கவில்லை. முன்னோட்டப் போட்டிகள் நடந்த கழகங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை, அவற்றில் ஆடாதவருக்குப் பெரும்போட்டியில் இடமில்லை. கதவு பூட்டப்படவில்லை, ஆனால் கதவுக்குச் செல்லும் வழியில்தான் வேலி! 1950இல் முன்னாள் வாகையர் ஆலிஸ் மார்பிள் என்னும் வெள்ளைப் பெண்மணி இந்த அநீதியைக் கண்டித்து டென்னிஸ் இதழொன்றில் எழுதினார். அதன் பின்னரே வேலி விலகியது. தம் 23ஆம் பிறந்த நாள் கழிந்த சில நாள்களில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் திடலில் அல்தியா கால் வைத்தார்.

இரண்டாம் சுற்றில் அவரை எதிர்த்தவர் விம்பிள்டன் வாகையர் லூயிஸ் புரோ. முதற் செட்டை 1-6 என இழந்த அல்தியா, இரண்டாவதை 6-3 எனக் கைப்பற்றினார். மூன்றாவதில் 7-6 என முந்திநின்ற வேளையில் வானம் இருண்டு பெருமழை கொட்டியது. இடி விழுந்து, அரங்கின் உச்சியில் அமைந்திருந்த கற்கழுகு ஒன்று பெயர்ந்து வீழ்ந்தது. ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. அவ்விரவு அவர் எங்ஙனம் உறங்கியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். மறுநாள் சில நிமிடங்களிலேயே 9-7 எனத் தோற்றார்.

அடுத்த ஐந்தாண்டுகள் சோர்வு மிக்கவை. கல்லூரியொன்றில் உடற்கல்வி கற்பித்தார். ஆட்டத்தைக் கைவிட்டு இராணுவத்தில் சேரவும் எண்ணினார். இந்நிலையில் 1955இன் இறுதியில் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. பர்மா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளில் மக்கள் அவரைத் தம்மவராகவே ஏற்று மகிழ்ந்தனர். நம் வாசலுக்கு இத்துணை அருகில் வந்து போயிருக்கிறார்! இந்தியாவில்தான் இங்கிலாந்து வீராங்கனை ஆஞ்சலா பக்ஸ்டனின் நட்பும் அவருக்கு வாய்த்தது. பக்ஸ்டன் யூத இனத்தவர். இனத்தின் பெயரால் கழகங்களில் ஒதுக்கப்பட்ட துயரை அவரும் அறிந்திருந்தார்.

ஆசியப் பயணத்திற்குப்பின் ஆட்டம் முற்றிலும் மாறியது. 1956இல் பிரான்சு நாட்டுப் பட்டத்தை வென்றார். அவ்வாண்டே பக்ஸ்டனுடன் இணைந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் பெற்றார். 1957 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் டார்லின் ஹார்டை 6-3, 6-2 என வென்றார். நியூயார்க் நகரம் அவரைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துச் சென்று வண்ணத்தாள் மழை பொழிந்தது. செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பட்டமும் கைக்கு வந்தது. இறுதியாட்டத்தில் எதிர்நின்றவர், இடியும் மழையும் கண்ட அதே லூயிஸ் புரோ. 1958இல் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் இரண்டையும் மறுபடியும் வென்றார்.

இத்தனை வெற்றிக்கும் கிடைத்த பரிசுத் தொகை எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். ஒரு காசுகூட இல்லை. அக்காலத்தில் பெரும்போட்டிகள் யாவும் தொழில்முறை சாராதோருக்கே உரியவை. பணம் பெற்று ஆடினால் விம்பிள்டனில் இடமில்லை. தட்டை வைத்துச் சோறு உண்ணலாம். தட்டையே உண்ண இயலுமா? ஆகவே 1958இல் அவர் அவ்வாட்டத்திலிருந்து விலகினார். இசைத்தட்டுக்குப் பாடினார், திரைப்படமொன்றில் நடித்தார். பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரராகி, ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் கூடைப்பந்துக் குழுவினரின் ஆட்டங்களுக்கு முன்னர் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டம் ஆடினார். 1964இல் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்த முதற் கறுப்பினப் பெண்ணானார். அங்கும் சில கழகங்கள் உடைமாற்றும் அறையை அவருக்குத் திறக்க மறுத்தன.

பெரும்போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறக்கப்பட்டது 1968இல். அப்போது அல்தியாவின் வயது 40. பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் ஹூஸ்டன் நகரில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுப் பெண்களுக்கெனத் தொழில்முறைப் போட்டித் தொடருக்கு வித்திட்டது 1970இல். அத்தொடரின் கிளையாகக் கோலாலம்பூரிலும் 2010 முதல் 2017 வரை பெண்கள் ஒற்றையர் போட்டி நடந்தது. இறுதி ஆண்டில் வென்றவர் ஆஸ்திரேலியப் பழங்குடி மரபில் வந்த ஆஷ்லி பார்ட்டி. அவர் போன்றோர் ஈட்டிய பொருளில் நூறில் ஒரு பங்குகூட அல்தியா கண்டதில்லை.

முதுமையில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. மருந்துக்கும் வாடகைக்கும் பணமின்றி நியூ ஜெர்சி மாநிலத்தில் தனித்து வாழ்ந்தார். 1990களில் ஒருநாள் பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்துத் தம் நிலையைச் சொல்லி விடைபெற முனைந்தார். பக்ஸ்டன் விடவில்லை. டென்னிஸ் இதழொன்றில் தோழியின் துயரை வெளியிடச் செய்தார். உலகின் பல திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. உறைகளுக்குள் பணமும் இருந்தது. ஹார்லம் தெருவார் அன்று சிறுமிக்குச் சேர்த்துத் தந்ததைப் போல, முகமறியாதோர் இன்று மூதாட்டிக்குச் சேர்த்து அனுப்பினர். 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், தம் 76ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

நியூயார்க்கில் அமெரிக்கப் போட்டி நடைபெறும் அரங்கின் வளாகத்தில் 2019இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2025இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயமொன்றிலும் அவர் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.