கணக்கேடு காட்டிய கொடுமை: ஈ. டி. மொரெல் வாழ்க்கை

மனித உரிமை என்னும் சொல் இன்று நம் செவிகளுக்குப் பழகிய ஒன்று. பாடநூல்களில் அதனைப் படிக்கின்றோம். டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாளில் அதற்கென விழாவும் எடுக்கின்றோம். அவ்வுரிமைகளுக்கான உலகப் பேரறிக்கை 1948-இல் வெளிவருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, தாம் ஒருமுறையேனும் சென்றறியாத ஒரு நாட்டு மக்களுக்காகத் தம் வேலையைத் துறந்தார் கப்பல் நிறுவன எழுத்தர் ஒருவர். அவருடைய வாழ்வை இம்மலரின் வழியே நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

எட்மண்டு டீன் மொரெல் 1873ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், அரசுப் பணியாளர். தாய் ஆங்கிலேயர். நான்கு வயதிலேயே தந்தையை இழந்த மொரெல், இங்கிலாந்தில் பள்ளிக் கல்வி பயின்றார். வறுமை அக்கல்வியைப் பதினைந்து வயதில் நிறுத்திற்று. பாரிசில் வங்கி எழுத்தராகச் சிலகாலம் இருந்தபின், 1891-இல் லிவர்பூல் துறைமுகத்தில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்னும் கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1896-இல் மணம் முடித்து, பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார். குடும்பச் செலவுக்கு ஊதியம் போதாமையால், மேற்கு ஆப்பிரிக்க வாணிகம் பற்றி இதழ்களுக்குக் கட்டுரை எழுதிப் பொருள் ஈட்டினார். தொடக்கத்தில் அவர் எழுதியவற்றுள் காங்கோ ஆட்சிக்குப் பரிந்து பேசியவையும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

காங்கோவின் நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். 1884-85இல் நடந்த பெர்லின் மாநாட்டையொட்டி, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு ஆப்பிரிக்காவின் நடுவண் பெருநிலப்பரப்பு ஒன்றைத் தம் தனியுடைமையாகப் பெற்றார். பெல்ஜிய நாட்டுக்கு அதில் பங்கில்லை. மன்னர் ஒருவருக்கே உரியது. அங்கு அவர் கால் வைத்ததேயில்லை. அடிமை வாணிகத்தை ஒழிப்பதும் தடையற்ற வணிகத்தை வளர்ப்பதுமே தம் நோக்கம் என உலகை நம்பவைத்தார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த சக்கரப் பட்டையை உருவாக்கியபின் மேலைநாடுகளில் ரப்பருக்குப் பெருந்தேவை எழுந்தது. காங்கோக் காடுகளிலோ ரப்பர்க் கொடிகள் தாமே மண்டி வளர்ந்திருந்தன.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து காங்கோவின் போமா துறைக்குக் கப்பல் செலுத்தும் தனியுரிமை எல்டர் டெம்ப்ஸ்டர் நிறுவனத்திடம் இருந்தது. பிரெஞ்சு மொழி அறிந்தவர் என்பதால் கணக்குச் சரிபார்க்க மொரெல் அடிக்கடி ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பப்பட்டார். நம் கல்லூரியில் வணிகவியல் பயிலும் மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் யானைத் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிச் செல்லும் கப்பல்களில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் படை அலுவலர்களும் சென்றனர். துணியும் உப்பும் பாத்திரமும் போன்ற வாணிகப் பண்டங்கள், வந்த செல்வத்துக்கு ஈடாகும் அளவில் செல்லவில்லை. காங்கோ மக்கள் நாணயம் வைத்துப் புழங்கவும் இடமில்லை. எனில், அவர்கள் எதனைப் பெற்றுக்கொண்டு ரப்பரைக் கொடுத்தனர்? ஒன்றையும் பெறவில்லை என்பதே கணக்கேடு தந்த விடை. விலையின்றி எவரும் உழைத்துக் கொடுப்பதில்லை. ஆகவே அங்கு நடப்பது வாணிகமன்று, துப்பாக்கி முனையில் வாங்கும் கட்டாய உழைப்பு என்று மொரெல் தெளிந்தார். மன்னரின் அரசு வெளியிட்ட ஏற்றுமதிக் கணக்கைவிட மிகுதியான சரக்குத் துறைமுகத்தில் இறங்குவதையும் கண்டார். நேரிற் சென்றவர் பலர் காணத் தவறியதை, இருந்த இடத்திலிருந்து பேரேட்டைப் புரட்டிய ஓர் இளைஞர் கண்டார் என்பதே நமக்கு வியப்பளிப்பது.

அக்கட்டாய உழைப்பின் தன்மை பின்னர்ச் சமயப் பணியாளர் பலரின் சான்றுகளால் வெளிப்பட்டது. ஊர்தோறும் இவ்வளவு ரப்பர் தரவேண்டும் என அளவு விதித்தனர். ஆடவர் காட்டுக்குச் சென்று திரும்பும்வரை மகளிரைப் பிணையாகச் சிறைவைத்தனர். தோட்டாக்களை வீணாக்கவில்லை என்பதற்குச் சான்றாக, கொல்லப்பட்டோரின் வலக்கைகளை வெட்டிக் கொணருமாறு படைவீரரைப் பணித்தனர். உயிரோடிருந்தோர் கைகளும் வெட்டப்பட்டன.

மொரெல் தாம் அறிந்தவற்றை நிறுவனத்தின் தலைவர் சர் ஆல்பிரட் ஜோன்சிடம் எடுத்துரைத்தார். ஜோன்ஸ் லிவர்பூலில் காங்கோ அரசின் தூதராகவும் இருந்தவர். மொரெலுக்குக் கூடுதல் ஊதியத்தோடு வேறு நாட்டில் பதவி தருவதாகக் கூறினர், அவர் மறுத்தார். 1901-இல் வேலையை விட்டு வெளியேறியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. மனைவியும் குழந்தைகளும் இருந்தனர். அவர் மனைவி மேரி இம்முடிவுக்கு உறுதுணையாக நின்றார். அவ்வம்மையாரைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன.

1903-இல் மேற்கு ஆப்பிரிக்கச் செய்திகளுக்கென வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய எழுத்தில் கண்ணீரைக் காட்டிலும் கணக்கு மிகுதி. நாள், இடம், தொகை, ஆணையின் படி என ஒவ்வொன்றையும் திரட்டிவைத்தபின்னரே குற்றம் சாட்டுவார். அவ்வாண்டு மே மாதம் பிரித்தானிய மக்களவை காங்கோ நிலை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதன் பயனாக, அங்கிருந்த பிரித்தானியத் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் உள்நாட்டில் பயணம் செய்து எழுதிய அறிக்கை 1904-இல் வெளியாயிற்று. மொரெலும் கேஸ்மெண்டும் நண்பராயினர். அவ்வாண்டே காங்கோ சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் சமயப் பணிப் பெண்மணி எடுத்த, கையிழந்தோரின் நிழற்படங்கள் ஊர் ஊராகத் திரையிற் காட்டப்பட்டன. மொரெல் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டையும் சந்தித்தார்.

இறுதியில் 1908-இல் காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய நாட்டின் கைக்கு மாறியது. கைமாறுமுன் ஆட்சி ஆவணங்கள் பல நாள்கள் அடுப்பிலிட்டு எரிக்கப்பட்டன. மன்னருக்கு நன்றியறிதலாக ஐந்து கோடி பிராங்கு வழங்குவதாகவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. கையிழந்தவர்க்கு என்ன வழங்கினர் என்று கேட்க நமக்குத் தோன்றுகிறது. மொரெல் இம்மாற்றத்தோடு அமைதி அடையவில்லை. 1913 வரை சங்கத்தை நடத்திய பின்னரே கலைத்தார்.

இதற்கிடையே அவர் அயலுறவு அரசியலை ஆராயும் எழுத்தாளராக உயர்ந்தார். மொராக்கோ குறித்து 1912-இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் சிறந்தது. அந்நாட்டின் உரிமையைக் காப்பதாக 1904-இல் வெளிப்படையாக அறிவித்த பிரான்சும் பிரிட்டனும், அதனைப் பிரான்சும் ஸ்பெயினும் பங்கிடுவதற்கு வழிசெய்யும் மறைமுக விதிகளையும் உடன் எழுதிக்கொண்டதை அவர் கண்டித்தார். மக்கள் அறியாமல் அமைச்சர்கள் செய்யும் உடன்படிக்கைகளே போருக்கு வித்து என்பது அவர் துணிபு. 1914-இல் உலகப்போர் மூண்டதும், ராம்சே மெக்டொனால்டு முதலியோருடன் மக்களாட்சிக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவி அதன் செயலாளரானார். நாட்டுத் துரோகி என்று தூற்றப்பட்டார். தம் வெளியீடுகளை நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்கு அனுப்ப முயன்றதாகச் சாட்டி, 1917-இல் ஆறு திங்கள் பென்டன்வில் சிறையில் அடைத்தனர். அயர்லாந்து விடுதலைக் கிளர்ச்சியின்பொருட்டு அவர் நண்பர் கேஸ்மெண்ட் 1916 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டதும் அதே சிறையில்தான். வெளிவந்த மொரெல் உடல் நலம் பின்னர்ச் சீர்படவேயில்லை.

இங்கு நிறுத்திவிடின் இக்கட்டுரை இனிதாக முடியும்; ஆயினும் அது நேர்மையாகாது. 1920-இல் ஜெர்மனியின் ரைன் பகுதியைக் காவல் செய்த பிரெஞ்சுப் படையில் ஆப்பிரிக்க வீரர் பலர் இருந்தனர். முஸ்லிம்களும் அவருள் உண்டு. ஜெர்மனிக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டிக்கப் புகுந்த மொரெல், அவ்வீரர்களை அடக்கமற்ற காமம் உடையோராகச் சித்திரித்துக் கட்டுரையும் சிறுநூலும் எழுதினார். குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் பொய்யென அமெரிக்கப் படைத்தலைவரின் ஆய்வு கண்டது. ஜமைக்காவில் பிறந்த கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே மறுப்பு எழுதினார். மொரெலின் கட்டுரையை வெளியிட்ட நாளிதழ் அதனை வெளியிடவில்லை, சில்வியா பாங்கர்ஸ்டின் இதழே வெளியிட்டது. அவ்வீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை 1937-இல் நாஜிகள் மலடாக்கினர். காங்கோவில் கணக்கேட்டைப் பலமுறை சரிபார்த்தவர், ரைன் செய்தியில் கேள்விப்பட்டதைச் சரிபாராது எழுதினார். ஆப்பிரிக்கரைக் காக்கப்பட வேண்டியவராகக் கண்ட அவர், தமக்கு நிகரானவராகக் காணவில்லை போலும் என்றே நாம் கருத வேண்டியுள்ளது.

1922-இல் டண்டி தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று வென்றார். அத்தேர்தலில் தோற்றவருள் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். 1924-இல் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது அயலுறவுத் துறை தமக்குக் கிட்டும் என எதிர்பார்த்தார். பழைய நண்பரும் தலைமையமைச்சருமான மெக்டொனால்டு அதனைத் தாமே வைத்துக்கொண்டார். அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலிலும் டண்டி மக்கள் மொரெலையே தெரிந்தெடுத்தனர். இரண்டு வாரம் கழிந்து, நவம்பர் 12ஆம் நாள், டெவன் பகுதியில் தம் இல்லத்தருகே உலவச் சென்றவர் களைப்புற்று ஒரு மரத்தடியில் அமர்ந்தார், மீண்டும் எழவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.