மேரி ஷார்லீப் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே இன்றும் பலர் வழங்குவர். 1885-ம் வருஷத்தில் அது தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர் மேரி ஷார்லீப் அம்மையார்.

1845-ல் லண்டனிற் பிறந்த இவர், சென்னையில் பாரிஸ்டராயிருந்த கணவருடன் வாழ வந்தவர். பிரசவ வேதனையில் உயிர் ஊசலாடும் போதும் ஆண் வைத்தியரைக் காண இசையாது கோஷா ஸ்திரீகள் மாண்டுபோவதைக் கேட்டு மனங்கலங்கினார். முதலிற் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சித் தொழிலைக் கற்றார். அது போதவில்லை. சிசு குறுக்கே கிடப்பினும், உதிரப்பெருக்கு மிகினும், மருத்துவச்சி தனித்து என் செய்வாள்? ஆகவே 1875-ல், தாயாகிக் குடும்பப் பொறுப்புற்றிருந்த முப்பதாம் பிராயத்தில், சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்த நான்கு மாதருள் ஒருவரானார். லண்டன் சர்வகலாசாலையோ 1878-ம் வருஷத்திலேதான் ஸ்திரீகளுக்குப் பட்டமளிக்க இசைந்தது. இதனைச் சற்றுப் பெருமிதத்துடனேயே குறிக்கின்றோம்.

அவ்வருஷமே அம்மையார் லண்டன் சென்று, 1882-ல் வைத்தியப் பட்டமும் பிரசவ சாஸ்திரத்திற் பொற்பதக்கமும் பெற்றார். பட்டத்தோடு அமைந்திருப்பாராயின் நாம் எழுதுதற்கு அதிகமிராது. ஆயுதம் பிடிக்கும் கை பழக வேண்டுமென்றெண்ணி வியன்னா நகரஞ் சென்று பிரசவ ரண சிகிச்சை பயின்றார். 1883-ல் சென்னைக்கு மீண்டு, தாம் மாணவியாயிருந்த கலாசாலையிலேயே பிரசவ சாஸ்திரம் போதித்தார். 1887-ல் உடல் நலிந்து தாய்நாடு திரும்ப நேர்ந்தது.

ஆங்கு ஸ்திரீகள் பரீட்சையில் தேறுவது ஒருவாறு எளிதாயிற்று. ரண சிகிச்சையில் கைபழகும் இடம் கிடைப்பதே அரிதாயிருந்தது. லண்டன் மாணவிகளை 1877-ல் ஏற்றுக்கொண்டது ராயல் பிரீ ஆஸ்பத்திரி. எனினும் நோயாளியருகே நின்று அவர்களுக்குக் கற்பித்த பெரிய வைத்தியர்கள் ஆடவரே. எலிஸபெத் காரெட் ஆண்டர்ஸன் அம்மையார் நிறுவிய மாதர் ஆஸ்பத்திரியிலோ வைத்தியர் யாவரும் ஸ்திரீகள். அங்கே ஷார்லீப் அம்மையார் ஆண்டர்ஸன் அம்மையாருக்குப்பின் தலைமை ரண வைத்தியராகி, வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய சிகிச்சைகளிற் பேர்பெற்றார். அச்சிகிச்சைகளுக்கு உடன்நின்ற இளம் வைத்தியர்களும் ஸ்திரீகளே. அவர்கள் கண்டும் தொட்டும் கற்றனர்.

1902-ல் ராயல் பிரீ ஆஸ்பத்திரி, ஸ்திரீ ரோக சிகிச்சைக்கு அம்மையாரை நியமித்தது. மாணவிகளை ஏற்று இருபத்தைந்து வருஷங்கள் சென்றபின் வந்த நியமனம் அது! தாமதத்திற்கு நியாயம் யாதென நமக்குப் புலப்படவில்லை. 1926-ல் டேம் என்னும் விருது பெற்று, 1930-ல், எண்பத்தைந்தாம் பிராயத்தில் அம்மையார் காலமாயினார்.