உருகிய ஐஸ்கிரீமும் உயிர் பெற்ற மோட்டாரும்

நூறு வருஷத்துப் படகு மோட்டார் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அமெரிக்காவில் சிலருக்குச் சாப்பாடும் தூக்கமும் மறந்துபோகும். துருவைத் தேய்ப்பார்கள். இறுகிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருப்பார்கள். கடைசியில் சிலிண்டரை அடிப்பெட்டியிலிருந்து மெல்லப் பிரிக்கும்போது, இரண்டுக்கும் நடுவே இருந்த காகித கேஸ்கெட் அப்பளம்போல் நொறுங்கி விழும்.

காகிதம்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. இந்த மோட்டார்களில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, முதலில் அடிப்பெட்டிக்குள்தான் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கி அதை நெருக்கினால்தான் மேலே சிலிண்டருக்குப் போகும். மூட்டில் மயிரிழை சந்து இருந்தாலும் போதும், காற்று கசிந்துவிடும். கை சலிக்கச் சுழற்றினாலும் மோட்டார் கிளம்பாது.

இப்படிப் பழைய மோட்டார்களைத் தேடுகிறவர்கள் பக்தியோடு உச்சரிக்கும் பெயர் ஓலே எவின்ரூட்.

1877-ல் நார்வேயில் பிறந்தவர் இவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் குடியேறியது. தகப்பனார் விவசாயி. மகனோ படகு கட்டுவதிலும் யந்திரங்களிலும் மோகம் கொண்டவன். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலமே. பதினாறு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பட்டறை பட்டறையாக வேலை பார்த்தார். இரவில் புத்தகங்களைப் புரட்டிப் பொறியியல் கற்றார். பிறகு மில்வாக்கி நகரில் வார்ப்பு வேலைக்கு மர அச்சு செய்பவரானார்.

அங்கேதான் பெஸ் கேரியைச் சந்தித்தார். 1906-ல் ஒரு கோடை நாள். ஏரித் தீவு ஒன்றில் நண்பர்களுடன் உல்லாசப் பொழுது. பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாள். ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது! படகுக்கு மோட்டார் வேண்டும் என்ற எண்ணம் அன்று உதித்ததாகச் சொல்வார்கள். கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். படகின் பின்னால் மோட்டாரைத் தொங்கவிட்டவர்களில் இவர் முதல்வரும் அல்ல. காமரான் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் முன்பே செய்து விற்றிருந்தார். ஆனால் இவர் செய்தது உழைத்தது.

அதே ஆண்டு விவாகம் நடந்தது. 1909-ல் விற்பனை. ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை 62 ராத்தல். முதல் மாதிரியைப் பார்த்த பெஸ், காப்பிக் கொட்டை அரைக்கும் யந்திரம் என்று கேலி செய்தாளாம். ஆயினும் கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் அவள் கையில்தான். துடுப்பை வீசியெறியச் சொல்லி அவள் எழுதிய விளம்பரத்தால் ஆர்டர்கள் குவிந்தன.

குவிந்த வேலை அவள் உடம்பைக் கெடுத்தது. ஓலே தயங்கவில்லை. 1914-ல் தன் பங்கைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டு மனைவியோடு ஊர் சுற்றப் புறப்பட்டார். ஐந்து வருஷம் இந்தத் தொழிலில் இறங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். எவின்ரூட் என்ற பெயரும் வாங்கியவருக்கே போயிற்று.

கெடு முடிந்தது. அலுமினியத்தில், இரண்டு சிலிண்டருடன், எடை குறைந்த புது மோட்டாரை வரைந்து பழைய கூட்டாளியிடமே கொண்டுபோனார். அவர் வேண்டாம் என்றார். தம்பதிகள் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சொந்தப் பெயரைப் போட முடியாதே! நாலு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, எல்டோ என்று பெஸ் பெயர் வைத்தாள். சில வருஷங்கள் எவின்ரூட் மோட்டாருக்கு எதிராகக் கடை விரித்தவர் எவின்ரூடேதான். 1929-ல் கம்பெனிகள் இணைந்தன, ஓலே தலைவரானார். இழந்த பெயர் திரும்பியது.

அதை அனுபவிக்க அதிக நாள் இல்லை. 1933-ல் பெஸ் கண்ணை மூடினாள். அடுத்த ஆண்டே ஓலேயும் போய்விட்டார். வயது 57.

எவின்ரூட் மோட்டார் உற்பத்தி 2020-ல் நின்றது. ஆரம்ப கால மோட்டார்களுக்கு ஏற்ற கேஸ்கெட் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆகவே சிலர் தாமே வெட்டிக்கொள்கிறார்கள். கெட்டிக் காகிதத்தைப் பெட்டியின் விளிம்பில் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பின் வடிவத்திலேயே காகிதம் அறுந்து விழும். அதை நடுவில் வைத்து, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிவிட்டு, சக்கரத்துக் கைப்பிடியைப் பிடித்து ஒரு சுழற்று.